ஒரு மெட்டு, ஒன்பது சுற்று

ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு அந்தக் காலத்தில் தெரிந்திருந்தது ஒரே ஒரு ஐரிஷ் மெட்டு. அதை நம்பித்தான் தாரணியிடம், "நான் ஐரிஷ் மெட்டுகள் வாசிக்கிறனான்" என்று அடித்துவிட்டிருந்தேன். (காதலிக்கும்போது ஒருமையைப் பன்மையாக்குவது பெரிய குற்றமா?) அவள் அதை அப்படியே அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

தாரணியின் அம்மாவை நான் அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். அவர் கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் டோஸ்ட்ருப்பில் ஒரு முதியோர் இல்லத்தில் நெடுங்காலமாக வேலை செய்கிறவர். காது கேளாத டெனிஷ் கிழவர்களோடு கதைத்துக் கதைத்துப் பழகிய குரல் அவருடையது. "தேத்தண்ணி வேணுமோ?" என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சன்னலால் எட்டிப் பார்ப்பார்.

"பெடியன் சொல்லுறதிலை ஒண்டாவது உண்மையோ எண்டு நேரிலை பாக்கவேணும். ஞாயிற்றுக்கிழமை வாறன். பிறகுதான் கலியாணக் கதை" என்றார் அன்ரி.

கோப்பன்ஹேகனில் ஒரு மதுச்சாலை. ஞாயிறு பின்னேரங்களில் ஐரிஷ் இசைப் பைத்தியங்கள் ஒரு மேசையைச் சுற்றிக் கூடி வாசிப்பார்கள். மூன்று மாதமாக நானும் மூலையில் இருந்து சோடா குடித்துக்கொண்டிருந்தேன். ஹ்விடோவ்ரே இசைப்பள்ளியில் சின்ன வயதில் பழகிய வெள்ளிக் குழல்தான் என்னிடம் இருந்தது. ஆனால் அன்ரியின் முன்னால் அசல் கலைஞனாகத் தெரிய வேண்டாமா? ஆறு துளை போட்ட மரக்குழல் ஒன்றை அந்த மேசையில் வாசிக்கும் நண்பன் யென்ஸிடம் இரவல் வாங்கினேன். புத்தி கெட்டவன்.

வெள்ளிக் குழலில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு மூடி உண்டு. விரல் கொஞ்சம் கோணலாக விழுந்தாலும் மூடி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். மரக்குழலில் உங்கள் விரல்தான் மூடி. ஒரு மயிரிழை இடைவெளி விட்டாலும் சத்தம் வராது, காற்றுத்தான் வரும். எனக்கோ விரல் பத்தும் வியர்த்து வழுக்கிக்கொண்டிருந்தன.

"தொடங்குகிறவன்தான் முடிக்க வேண்டும்" என்று யென்ஸ் நினைவூட்டினான். "மூன்று சுற்று வாசி. மூன்றாவதில் நிமிர்ந்து எங்களைப் பார், நிறுத்துவோம். பிடில்காரர் என்றால் வாயால் கத்தலாம். உன் வாய் குழலில் இருக்கும், கண்தான் உனக்கு வழி."

தலையாட்டினேன். கதவால் அன்ரி உள்ளே வந்தார், கைப்பையை மடியில் வைத்து நேர் எதிரே அமர்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதினேன்.

முதல் சுற்றில் பாதி காற்று. இரண்டாவதில் மெட்டு தலைகாட்டியது. மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவதில் கண்ணைத் திறக்கப் பார்த்தேன், ஒரு விரல் வழுக்கியது. உடனே மூடிவிட்டேன். அந்த மெட்டோ முடிகிற இடத்திலேயே மறுபடி தொடங்கும் சாதி. கண்ணைத் திறந்தால் விரல் போகும், விரல் போனால் தாரணி போவாள். நான்கு, ஐந்து, ஆறு. யென்ஸ் காலால் என் காலை இடித்தான். தாளம் போடுகிறான் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன்! எட்டாவது சுற்றில் தலை சுற்றியது. ஒன்பதாவதில், மயங்கி விழுந்தாவது இதை முடிப்போமா என்று உண்மையாகவே யோசித்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் எழுந்தது.

"தம்பி! காணும்!"

போதும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சொல் அது. சொல் விளங்காமலே பன்னிரண்டு வாத்தியங்களும் கத்தியால் வெட்டியதுபோல் ஒரே கணத்தில் நின்றன. அவ்வளவு சுத்தமான முடிவை அந்த மேசை கண்டதேயில்லை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், அன்ரிக்கு.

வெளியே வந்ததும் நான் குனிந்த தலை நிமிரவில்லை. "அன்ரி, எனக்கு அந்த ஒண்டுதான் தெரியும்" என்றேன்.

"விளங்கிச்சுது" என்றார் அவர். "ஒண்டெண்டாலும் பிடிச்சதை விடாமல் நிக்கிறீர். பிள்ளையையும் அப்பிடித்தான் வைச்சிருப்பீர். அடுத்த கிழமை அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாரும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த மதுச்சாலையில் இன்றைக்கும் மெட்டை முடிக்க, தாடிக்கார டெனிஷ்காரர்கள் "கானும்!" என்றுதான் கத்துகிறார்கள். எங்கள் மகளுக்கு ஏழு வயது. தமிழில் என்ன கேட்டாலும் டெனிஷில்தான் பதில் சொல்வாள். ஆனால் நான் குழலை உறையிலிருந்து எடுத்தாலே போதும், ஊதுவதற்கு முன்னரே அட்சர சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் சொல்வாள்:

"அப்பா, காணும்."