மேற்கே சூலம்

"இப்ராஹிம், லைன்லயே இரு! வச்சிடாதே!"

தமிழ்ச்செல்வன் செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் விரித்திருந்த இங்கிலாந்து வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பினார்.

"ஆறு மணிக்குள்ள ஓகே சொல்லலன்னா ரூமெல்லாம் போயிடும்ணே!" என்று மறுமுனையில் கெஞ்சினார் டிராவல்ஸ் நடத்தும் முகம்மது இப்ராஹிம்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் மனைவி உமாமகேஸ்வரியைத் திருநள்ளாறு, நாகூர் தாண்டி அவர் எங்கும் அழைத்துப் போனதில்லை. ஒரு நாள் டிவியில் இங்கிலாந்துக் கிராமத்துப் பச்சை மேடுகளைப் பார்த்து, "எவ்வளவு அழகா இருக்கு!" என்று அவள் பெருமூச்சு விட்டாள். போதாதா? அந்த மேடுகளில் ஐந்து நாள் நடைப்பயணம் என்று முடிவு கட்டிவிட்டார். ஆசைப்பட்ட இந்த ஒன்றைக்கூட நடத்தித் தராவிட்டால் தானெல்லாம் என்ன புருஷன்?

"அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. பெரியவங்க மனசு கோணக் கூடாது பாருங்க," என்று மட்டும் சொன்னாள் உமா.

கேட்டார். பிடித்தது வினை.

போலகத்தில் இருக்கும், உமா 'அண்ணி' என்று கூப்பிடும் அக்கா சொர்ணாம்பாள், தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மேல்முறையீடு கிடையாது.

"வெள்ளிக்கிழமை மேற்கே நடக்கறியாமே? சூலம்டா! காலண்டர்ல போட்டிருக்கு, கண்ணு தெரியலியா?"

"அதுலயே பரிகாரமும் போட்டிருக்குக்கா. வெல்லம் தின்னுட்டுப் போனா..."

"சுகர்காரன் வெல்லம் தின்னுட்டு மலை ஏறுவியா?"

சரி என்று வழியைத் திருப்பிப் போட்டார். மேற்கே முடிய வேண்டிய பயணம் கிழக்கே போனது. அதைக் கேட்ட உமா எழுந்தாள். தன் செல்போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். பத்தே நிமிடத்தில் வீட்டு லேண்ட்லைனில் அக்கா கூப்பிட்டார்.

"சனிக்கிழமை கிழக்கே சூலமாச்சே!"

அக்காவுக்கு மட்டும் எப்படித்தான் உடனுக்குடன் தெரிகிறதோ!

சனி, ஞாயிறு இரண்டையும் வடக்கே திருப்பினார். திங்கள் தெற்கே, செவ்வாய் மேற்கே.

இப்ராஹிம் கணக்குப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "அண்ணே, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அஞ்சு நாள் நடந்து, மொத நாள் தங்குன லாட்ஜுக்கே திரும்பி வர்றீங்க."

"வந்தா என்ன? சாவியைக் குடுத்துட்டு வந்துடலாம்."

"அது மட்டுமில்ல, வடக்கே ஒரு பண்ணை வருது. காளை மாடு நிக்கும்ங்கறான்."

"நம்ம வரிச்சிக்குடியில பார்க்காத மாடா? போடுய்யா!"

மறுபடி உமா கொல்லைக்குப் போனாள். மறுபடி அக்கா.

"ராகுகாலம் நம்ம ஊரு மணிக்கா, அந்த ஊரு மணிக்கா?"

"ரெண்டுக்கும் நடக்கலக்கா. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேலதான் கிளம்பறோம். அங்க ராத்திரி ஒம்பது வரைக்கும் வெளிச்சம்."

எதிர்முனையில் காலண்டர் தாள் புரண்டது. பிறகு பெரிய குண்டாக வந்து விழுந்தது.

"ஞாயித்துக்கிழமை உமாவுக்குச் சந்திராஷ்டமம்!"

தமிழ்ச்செல்வன் நாற்காலியில் சரிந்தார். மணி ஐந்தே முக்கால்.

"அண்ணே, பைகளை லாட்ஜ் விட்டு லாட்ஜ் கொண்டு போக ஒரு வேன் வரும். அன்னிக்கு மட்டும் உமா அண்ணியை அதுல ஏத்திடலாம்," என்று ஸ்பீக்கரில் சொன்னார் இப்ராஹிம்.

உமாவின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "ஏங்க, எல்லா நாளும் வேன்லயே வந்தா என்ன?"

"பாத்தியா, இந்த நேரத்துலயும் உனக்குத் தமாஷ்!" என்று பூரித்துப் போனார் தமிழ்ச்செல்வன். "கவலைப்படாதே. யார் குறுக்கே நின்னாலும் உன்னை நடக்க வச்சே தீருவேன்."

உமா மோட்டார் போட எழுந்து போனாள்.

"இப்ராஹிம், போட்டுடு!"

"போட்டாச்சுண்ணே. இனிமே மாத்தவும் முடியாது, ரத்து பண்ணவும் முடியாது. சந்தோஷமா நடந்துட்டு வாங்க."

ஜெயித்துவிட்டார்! வாழ்நாளில் முதல் முறையாக அக்காவை ஜெயித்துவிட்டார். இதை அவரிடமே சொல்ல வேண்டும் என்று நினைக்கும்போதே, மேஜை மேல் இருந்த உமாவின் செல்போன் அலறியது. திரையில் 'அண்ணி'. பாய்ந்து எடுத்தார். ஹலோ சொல்வதற்குள் எதிர்முனை முந்திக்கொண்டது.

"ஏண்டி உமா, நீ சொல்லச் சொன்ன சூலம், ராகுகாலம், சந்திராஷ்டமம் எல்லாத்தையும் சொல்லிட்டேன், அவன் அசையல, நடக்கப் பிடிக்கலன்னா இனிமே நீயே வாயைத் தொறந்து சொல்லித் தொலை, எனக்குச் சாஸ்திரம் தீந்துபோச்சு!"