மல்லுக்கட்டாரும் அப்பாவின் தக்காளி மாத்திரையும்

கடைக்கு வருகிற ஆளோடு சண்டை போட்டே யாவாரம் பண்ணுகிற மனுசர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் மலையாள எல்லையோரம் இருக்கிற எங்கள் எருத்தேன்பதியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். பலகையில் மலையாளத்தில் ஏதோ பேர் இருக்கிறது. ஊருக்கு அது மல்லுக்கட்டு மெடிக்கல், அவர் மல்லுக்கட்டார்.

சளி என்று போனால் ஆவி பிடிக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார். இருமல் டானிக் கேட்டால் வாயை ஊதச் சொல்லி பீடி வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்ப்பார். சத்து டானிக் வாங்கப் போன என் சித்தப்பாவிடம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். வரக்காப்பி என்றதும் எதிர் ஓட்டலுக்குக் கூட்டிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டார். டானிக் கடைசிவரை வரவேயில்லை.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் எங்கப்பா லைக்கோபீன் கேட்டுப் போனார். நெஞ்சுவலி வந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர் அப்பா. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அப்பாவோ போனில் ஒரு வீடியோ பார்த்தார். தக்காளிக்குச் சிவப்பு தருகிற சத்துதான் லைக்கோபீனாம்; அதை மாத்திரையாகப் போட்டால் ரத்தக்குழாய் புதுசு போல ஆகிவிடுமாம். அன்றைக்கே பிரஷர் மாத்திரைக்கு முழுக்குப் போட்டார். அம்மா அழுதாள், நான் கத்தினேன். அவர் காதில் ஏறினால்தானே!

விலை இல்லாமல் எங்கள் தோட்டத்துத் தக்காளியை மாட்டுக்குக் கொட்டிய வாரம் அது.

"ஏனுங்க, தோட்டம் பூராத் தக்காளிய வெச்சுக்கிட்டு அதையே டப்பாவுல கேக்கறீங்களே? எண்ணெ ஊத்தி வதக்கித் தின்னுங்க" என்றார் மல்லுக்கட்டார்.

தக்காளியைப் பார்த்தாலே வயிறு எரிகிறது, மாத்திரைதான் வேண்டும் என்றார் அப்பா. பிரஷர் மாத்திரையை நிறுத்திய பெருமையையும் கூடவே சொன்னார். சரி, வரவழைக்கிறேன் என்றார் மல்லுக்கட்டார். அவர் சண்டை போடாமல் இறங்கி வந்து ஊர் பார்த்தது அன்றைக்குத்தான்.

லைக்கோபீன் டப்பா வரவழைத்தார், ஆனால் அப்பா கையில் கொடுக்கவில்லை. தன் கண்ணெதிரே பிரஷர் மாத்திரையை முழுங்கினால்தான் தக்காளி மாத்திரை ஒன்று தருவேன் என்றுவிட்டார். அப்பாவும் விடவில்லை. தினமும் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு நேரே கடைக்குப் போவார். "நாக்கத் தூக்குங்க" என்பார் இவர். ஊரே வேடிக்கை பார்க்க, அப்பா நாக்கைத் தூக்கிக் காட்டுவார்.

ஒரு ஹர்த்தால் அன்று கடை திறக்க முடியவில்லை. தப்பித்தோம் என்று அப்பா கட்டிலில் கால் நீட்டினார். வரப்பு வழியாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார் மல்லுக்கட்டார். கையில் ரெண்டு மாத்திரையும் இருந்தது.

தக்காளி மாத்திரையால் நிஜமாகவே பலன் உண்டா என்று அவரைத் தனியாகக் கேட்டேன். ஆராய்ச்சி நடக்கிறது, முடிவாக யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். அப்பாவுக்கு அதனால் கெடுதல் இல்லை என்று எங்கள் டாக்டரிடமே போனில் கேட்டும் வைத்திருந்தார்.

அடுத்த பரிசோதனையில் பிரஷர் கட்டுக்குள் வந்திருந்தது. எல்லாம் தக்காளி மாத்திரையின் மகிமை என்று அப்பா கடை வாசலில் நின்று பிரசங்கமே பண்ணினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாரோடும் மல்லுக்கு நிற்கிற மனுசர், இதற்கு மட்டும் வாயைத் திறக்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்பா போனதும், நீங்களாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று பாய்ந்தேன்.

"எந்த மாத்திரைக்குப் பேர் வந்தா என்னங்க தம்பி. நாளைக்கும் அப்பா வருவாருங்கல்ல?" என்றார்.

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.