ரேடியேட்டருக்கு ஓர் உருளைக்கிழங்கு

இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது சதாசிவம் லோரியின் வேகத்தைக் குறைத்தார். கோலா கங்சார் பின்னால் போய்விட்டது. சாலையின் இருபுறமும் கைவிடப்பட்ட ரப்பர் மரங்கள். ஒரு வீடோ ஒரு கடையோ கண்ணில் படவில்லை.

"அண்ணே, என்னமோ இனிப்பா வாசம் வருதே?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துளசி. லகாட்டில் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கப் போகிறவள். அவளுடைய அண்டாக்கள், காய்கறி மூட்டைகள், கேஸ் அடைத்த இரும்புத் தோங்குகள் எல்லாம் லோரியின் பின்னால் இருந்தன.

"ஒண்ணுமில்லம்மா. வெளிய இருந்து வருது."

அது வெளியிலிருந்து வரவில்லை. இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் எங்கோ ஒழுகிச் சூட்டில் காய்கிற வாசம். சதாசிவத்துக்கு அது தெரியும். சொல்லத்தான் பயம். இன்றுதான் அவருக்கு வேலையில் முதல் நாள். கமுந்திங் கொட்டகையிலிருந்து லோரியை அவரே எடுத்து வந்திருந்தார். "இன்ஜினக் கருக்குனா அன்னிக்கே வீட்டுக்குப் போயிரணும்" என்று முதலாளி கலாதேவி காலையில் போனிலேயே சொல்லிவிட்டாள்.

"எங்க சித்தி மவன் லோரியிலயும் இப்படித்தான் வாசம் வந்துச்சு. அப்புறம் டப்புனு நெருப்பு புடிச்சிருச்சு" என்ற துளசி, பின்னால் திரும்பி கேஸ் தோங்குகளைப் பார்த்தாள்.

சதாசிவம் லோரியை ஓரங்கட்டினார். இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று ஆவி பீறிட்டது. மூடி பறந்து புதருக்குள் போய் விழுந்தது. தேடியும் கிடைக்கவில்லை.

போன் அடித்தது. கலாதேவி.

"எங்க இருக்க?"

"சுங்கை சிப்புட் பக்கம் மேடம். கொஞ்சம் ஜாம்."

"பாத்து ஓட்டுலா. நேத்துதான் சர்வீஸ் பண்ணி எடுத்த லோரி."

நேற்று சர்வீஸ் பண்ணிய லோரியைச் சதாசிவம் ஒரே காலையில் கெடுத்துவிட்டாரே!

லோரிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் குழாயில் விரிசல். அதில் டேப்பை இறுக்கிச் சுற்றினார். இருந்த குடிதண்ணீரையெல்லாம் ரேடியேட்டரில் ஊற்றினார். மூடிக்குப் பதிலாகத் துளசியின் மூட்டையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து அழுத்திச் செருகினார்.

"தாங்குமாண்ணே?"

"தாங்கும்."

கொஞ்ச தூரம் தாங்கியது. ஒழுகுகிற வழி அடைபட்டதால் உள்ளே அழுத்தம் ஏறி, உருளைக்கிழங்கு குண்டு மாதிரி கிளம்பி டமாரென்று மேலே மோதியது.

"ஐயோ, தோங்கு வெடிச்சிருச்சு!" என்று அலறினாள் துளசி.

லோரியை நிறுத்தியதுதான் தெரியும். இருவரும் ரப்பர் மரங்களுக்கிடையே ஓடிக் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். எதுவும் வெடிக்கவில்லை. வெந்த உருளைக்கிழங்கு வாசம் மட்டும் வந்தது.

"ராத்திரி விருந்துண்ணே. நான் எப்பச் சமைக்கிறது?" துளசிக்கு அழுகை வந்துவிட்டது.

"தண்ணி ஏதாச்சும் இருக்காம்மா?"

"தண்ணி இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்கு ரோஸ் சிரப் கலந்து வச்சிருக்கேன்."

"அதக் குடு."

சிரப் உள்ளே போனது. இன்னோர் உருளைக்கிழங்கும் போனது. லோரி தள்ளாடிக் கிளம்பியது. சற்று நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவன் பக்கத்தில் வந்து கத்தினான்.

"அங்கிள், லோரியில இருந்து ரத்தம் ஊத்துது! பின்னால யார வச்சிருக்கீங்க?"

"ரத்தம் இல்லப்பா, சிரப்பு!"

அவன் நம்பவில்லை. "போலீசுக்குச் சொல்றேன்" என்று பறந்துவிட்டான். அதே நேரம் இன்ஜினுக்குள் கடகடவென்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. முன்பக்கமெல்லாம் கருகிய சர்க்கரை வாசம்.

சதாசிவம் சாலையோரம் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். போலீஸ் முதலில் வருமா, கலாதேவி முதலில் வருவாளா என்பதுதான் தெரியவில்லை.

இருவருமே வரவில்லை. கமுந்திங் பக்கமிருந்து, பழுதான வண்டிகளை இழுத்துப் போகிற லோரி ஒன்று காலியாக வந்து நின்றது. அதை ஓட்டி வந்த பவித்ரன் இறங்கி, நம்பர் பிளேட்டைப் பார்த்தான். கையிலிருந்த போனைப் பார்த்தான். மறுபடியும் நம்பர் பிளேட்டைப் பார்த்தான்.

சதாசிவம் கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, எங்க மேடத்துக்குத் தெரியாம இத பட்டறைக்கு இழுத்துட்டுப் போக முடியுமா?"

"அண்ணே, தண்ணி ஒழுகுதுன்னு ஒதுக்கி வச்ச இந்த லோரிய இழுத்துட்டு வரச் சொல்லி உங்க மேடம்தான் என்னைய அனுப்புனாங்க, கொட்டகைக்குப் போனா, நேத்து சர்வீஸ் பண்ண லோரிதான் சும்மா நிக்குதுலா!"