மூன்றாவது உறுப்பு

கருவி பொய் சொல்லாது என்பார்கள். உண்மைதான், அந்த வேலைக்குத்தான் ஆராய்ச்சி மாணவர்கள் இருக்கிறார்கள்.

அப்போது நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டத்துக்காக ஒரு சமன்பாடு வளர்த்துக்கொண்டிருந்தேன் (மற்றவர்கள் மீசை வளர்த்த வயது). பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து காயவைக்கும் இயந்திரத்தின் சுவர் வழியே எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்று கணிக்க வேண்டும். அதற்குச் சுவரில் ஒட்டி வெப்பத்தை அளக்கும், பிஸ்கட் அளவு உணரிகள் தந்திருந்தார்கள். இரண்டு பழையவை, ஒன்று புத்தம் புதியது. பட்டம் கிடைத்தால் விரிவுரையாளர் வேலை. கிடைக்காவிட்டால் நாவலப்பிட்டியில் அப்பாவின் பலசரக்குக் கடை.

ஒட்டப் போன நாள் ஆயுத பூசை. பூசை முடிந்து இயந்திரத்தைச் சூடேற்றத் தொடங்கியிருந்தார்கள். புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் வேலை தொடங்குகிற வளர்ப்பா நம்முடையது? தட்டில் மிஞ்சிய சந்தனத்தை வழித்துப் புது உணரியின் முகத்தில் தாராளமாக அப்பினேன்.

முடிவுகள் அபாரம். பழையவை இரண்டும் ஒரே அளவைச் சொல்லிக்கொண்டிருக்க, புதியது மட்டும் முதலில் எகிறி, பிறகு சரிந்து, அவற்றுக்கும் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. (ஈரச் சந்தனம் காயும்போது வெப்பத்தை இழுக்கும், காய்ந்தபின் போர்வையாகும். இது இன்றைய ஞானம்.) அன்று நான் கண்ட முடிவு, பழையவை இரண்டும் பழுது என்பதே. புதியது சொன்னதற்குப் பொருந்தும்படி சமன்பாட்டில் மூன்றாவதாக ஓர் உறுப்பைச் சேர்த்து, அதன் மாறிலிக்கு என் பெயரின் முதலெழுத்தையே சூட்டினேன்.

பரீட்சகர் ஒரு யாழ்ப்பாணத்துப் பேராசிரியர். என் வளைகோடு அளவீடுகளின் மேல் வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்து அவரே தலையாட்டினார். பிறகு உணரியைக் காட்டச் சொன்னார். பெருமையோடு பெட்டியைத் திறந்து நீட்டினேன். நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இதென்ன?"

"சந்தனம் சேர்."

"ஓம், சந்தனம் எண்டு தெரியுது. உம்மட சமன்பாட்டில இது எங்க கிடக்கு?"

அந்த ஆய்வு முழுவதிலும் நான் சொன்ன ஒரே உண்மை அப்போதுதான் வெளிவந்தது.

"மூன்றாவது உறுப்பு, சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும்வரை சிரித்தார். எல்லாவற்றையும் மறுபடி அளக்கச் சொன்னார்கள். அளந்து முடிப்பதற்குள் வேலை இன்னொருவருக்குப் போயிற்று; கடை எனக்கு வந்தது.

இப்போதும் ஆயுத பூசையன்று மனைவி கடையிலுள்ள சகலத்துக்கும் பொட்டு வைப்பாள், தராசைத் தவிர. போன முறை தராசை மட்டும் ஏன் விட்டாள் என்று நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். அவள் சந்தனக் கிண்ணத்தோடு நேராக என் நெற்றிக்கு வந்தாள்.

"காஞ்சா சூடு கொறையும்னு நீங்கதானே சொன்னீங்க. கொஞ்ச நேரம் ஆடாம இருங்க."