சிவப்பு லைட்டும் திங்கட்கிழமை பத்து மணியும்

பூனாகலை,
சனிக்கிழமை.

அன்பு மைத்துனர் அஜந்தனுக்கு,

இங்கு நானும் உங்கள் அக்கா விஜயலெட்சுமியும் மகள் ஜீவராணியும் நல்ல சுகம். கொழும்பில் உங்களுக்கும் முருகன் ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும். நம் வீட்டில் சுகமில்லாதது ஒன்றே ஒன்றுதான். அது நீங்கள் வாங்கித் தந்த வைஃபை பெட்டி. புதன்கிழமையிலிருந்து சிவப்பு லைட் எரிகிறது. போனில் சொன்னால், "ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க மச்சான்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா?

விஷயம் விளையாட்டல்ல. திங்கள் காலை பத்து மணிக்கு ஜீவராணிக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு. கைபோனில் போட்டால் ஆள் சிலையாக நின்றுவிடுகிறார். வேலையோ, நெட் வராத வாடிக்கையாளர்களுக்குப் போனில் வழி சொல்வது! இரண்டு வருஷமாக வேலை தேடி அலைகிற பிள்ளை. இதுவும் தவறினால் அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

நான் செய்யாதது எதுவுமில்லை. பதினான்கு தரம் அணைத்துப் போட்டேன். பனிமூட்டம் சிக்னலை மறிக்கிறது என்று நினைத்து பெட்டியை நம் லயத்து வீட்டுத் தகரக் கூரைக்கு ஏற்றினேன், மழை பிடித்துக்கொண்டது, நானும் ஏறிக் குடை பிடித்தேன், போகிற வருகிறவர்கள் எல்லாம், "என்னாண்ணே, பொட்டிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார்கள். உங்கள் அக்கா கண்ணேறு என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டதில் மூவரும் இருமினோம், லைட் மட்டும் அசையவில்லை. உதவி நம்பருக்கு அடித்தால் ஒரு பிள்ளை, "ஐயா, பெட்டியில ஏதாச்சும் மாத்தினீங்களா?" என்றது. "ஒண்ணுமே இல்ல தாயி, புதன்கிழம ஆயுத பூசைதான் போட்டோம்" என்றேன். "கொஞ்சம் லைன்ல இருங்க ஐயா" என்றது, பிறகு பாட்டுதான் ஓடியது. பக்கத்து வீட்டு ரமேஸ் புது டிவி வாங்கியிருப்பதால் அவன்தான் நம் நெட்டைத் திருடுகிறான் என்று வாசலில் நின்று சத்தம் போட்டேன். அவனோ, "எங்க வீட்லயும் மூணு நாளா வரலண்ணே, பாஸ்வேர்ட நீங்கதானே தந்தீங்க?" என்கிறான்.

பூசையில் குறை சொல்ல முடியாது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, தையல் மெசின், வைஃபை பெட்டி எல்லாவற்றுக்கும் உள்ளும் புறமும் என் கையாலேயே பொட்டு வைத்தேன். முப்பத்தொரு வருஷம் தேயிலை ஃபெக்டரியில் ரோலருக்குப் பொட்டு வைத்தவன் நான், ஒரு நாள் அது நின்றதில்லை. "அப்பா, நான் ஒருக்கா தொறந்து பாக்கிறேனே" என்று ஜீவராணி கெஞ்சுகிறாள். "நீ படி, மெசின் விசயம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே பெட்டிதான் பழுது. வேறொன்று வாங்கிக்கொண்டு நாளையே ரயில் ஏறுங்கள். ரமேஸின் மரக்கறி லொறி இன்றிரவு கொழும்பு போகிறது, அதில்தான் இக்கடிதம் வரும். தங்கச்சிக்கு என் ஆசி, பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்
சின்னராசா

பி.கு.: இன்று திங்கள் மாலை. "திருடன்கிட்ட கடிதம் குடுக்கலாமாண்ணே?" என்று ரமேஸ் வாங்க மறுத்துவிட்டான். மச்சான், பெட்டி வாங்க வேண்டாம். காலை எட்டு மணிக்கு ஜீவராணி என்னைக் கேட்காமலே மூடியைத் திறந்து சிம் கார்டை எடுத்தாள். அதன் தங்கப் பக்கம் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. துடைத்துப் போட்டாள், பச்சை லைட் வந்தது. நான் உங்கள் அக்காவைப் பார்த்தேன், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேர்முகத்தில், "நீங்களே கண்டுபிடித்த பழுது ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார்களாம். குடையிலிருந்து குங்குமம் வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அவர்கள் சிரித்தது குசினி அடுப்புவரை கேட்டது. எனக்கு மானம் போயிற்று. சற்று முன் போன் வந்தது, வேலை கிடைத்துவிட்டது! அழுதுவிட்டேன் மச்சான். வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்விகளில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்களாம்: "அண்மையில் பூசை ஏதும் போட்டீர்களா?"