மூக்கு நிலமும் பஞ்சர் நாநாவும்

டயருக்கு ஒட்டுப் போடக் கொடுத்துவிட்டு, யானை நடமாடும் காட்டுக்குள் மூன்று மணி நேரம் சுற்றி, காலெல்லாம் சேறோடு திரும்பி வருகிறவர்களை உலகத்தில் ஒரே இடத்தில்தான் பார்க்கலாம். அது இலங்கையில், மாத்தளைப் பக்கம் இருக்கும் எங்கள் நாலந்தாச் சந்தி. அப்படிச் சுற்ற வைக்கிறவர் பஞ்சர் நாநா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நாநா என்போம். அவருக்கு வாப்பா வைத்த பெயர் எனக்குத் தெரியாது. அவர் கடைக்குப் பக்கத்திலேயே இருபது வருடமாகச் சோளம் அவித்து விற்கிறேன். ஆனாலும் கேட்கக் கூச்சம்.

எங்கள் ஊரில் பழைய கல் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அதற்குள் ஒரு துண்டு நிலம் நீட்டிக்கொண்டு கிடக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீர். அதை மூக்கு என்போம். கடைக்கு யார் வந்தாலும் நாநா டியூபில் ஒட்டை அமுக்கி வைத்துவிட்டு எழும்பிவிடுவார்.

"ஒட்டு காயிறதுக்குள்ள மூக்கப் பாத்துட்டு வந்திரலாம், வாங்க."

ஒட்டு ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். அது போனவர்களுக்குத் திரும்பி வந்த பிறகுதான் தெரியும். ஒரு முறை கல்யாண மாப்பிள்ளை ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டார். பக்கத்து ஊர் நாவுலயில் பெண் வீட்டார் வாசலில் காத்திருக்க, இவர் மூக்கின் நுனியில் நின்று நீர்க்காகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். திரும்பி வந்தபோது வெள்ளைக் கால்சட்டை முழங்கால் வரை சேறு. சண்டை வரப்போகிறது என்று நான் சோளச் சட்டியை ஓரமாக நகர்த்தினேன். அவர், "பொண்ணையும் கூட்டிட்டு வாறேன் நாநா" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி கூட்டிக்கொண்டும் வந்தார்.

மூக்குக்குள் போகும் முன்னால் ஒரு கொப்பை ஒடித்து வழியிலுள்ள மரத்தில் தொங்கவிட வேண்டும். காட்டுக்குள் போகிறவர்கள் இந்தப் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். நாநாவும் செய்வார். தேத்தண்ணிக் கடை முதலாளி விடுவாரா?

"அஞ்சு வேளை தொழுற மனுசன் மரத்துக்குக் கொப்புப் போடலாமா நாநா?"

"நான் கும்பிடல்ல மொதலாளி. வந்திருக்கன்னு சொல்றன். ஒங்கட கடைக்கு வந்தாலும் கூப்பிட்டுட்டுத்தானே உள்ளுக்கு வாறன்?"

பாதையில் கபரகொயா என்கிற பெரிய நீர் உடும்பு குறுக்கே வந்தால் நாநா ஒதுங்கி நின்று வழி விடுவார். "இவர் நமக்கு முந்தி வந்தவர்" என்பார். மூக்கின் நுனியில் பெரிய மருத மரம் ஒன்று நிற்கிறது. அதைத் தாண்டித் தண்ணீருக்குள் செத்த மரங்கள் வெள்ளையாக நிற்கும். எந்த ராசா காலத்து மண்ணோ, இப்போது மீன் ஓடுகிறது. அங்கே நின்றால் எனக்குப் பேச்சே வராது. எனக்கு எப்போதும் வராதுதான். அங்கே மற்றவர்களுக்கும் வராது.

நீர்த்தேக்கம் கட்டும்போது மூழ்கிவிடும் என்று அந்தக் கல் கோயிலைக் கழற்றி, மேட்டில் கொண்டுவந்து மறுபடி அடுக்கினார்கள். இந்தக் கதையை நாநா சொல்லாத ஆள் இல்லை.

"நான் ஒரு சைக்கிளக் கழட்டிப் பூட்டினாலே ரெண்டு நட்டு மிஞ்சுது. அவங்களுக்கு ஒரு கல்லு மிஞ்சல்ல."

இதைவிடப் பெரிய கதை ஒன்றும் வைத்திருந்தார். கோயில் வாசலிலிருந்து நேராக அந்த மருத மரத்துக்குத் தண்ணீருக்கு அடியில் ஒரு கல் பாதை போகிறதாம். அவருடைய வாப்பா அதில் நடந்திருக்கிறாராம். யாரும் நம்பவில்லை.

"பாதை இருந்தா பஸ்ஸும் ஓடும். மீனெல்லாம் டிக்கட் எடுத்துத்தான் போகுதா நாநா?" என்பார் முதலாளி.

இந்த வருடம் மழை பொய்த்தது. தண்ணீர் வற்றி, சேறு வெடித்துத் தரை தெரிந்தது. அதே நேரம் மாத்தளைக் கண் டாக்டர் நாநாவிடம், இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தால் ஒரு கண் போய்விட்டது, மற்றதும் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். மறுநாள் நாநா கடையைப் பூட்டிவிட்டு, அந்தக் கல் பாதையைத் தேடி மண்வெட்டியோடு இறங்கினார். அடுத்த முறை தண்ணீர் வற்றும்போது பார்க்க அவருக்குக் கண் இருக்காது.

கோயில் வாசலையும் மருத மரத்தையும் சேர்த்து ஒரு கயிறு பிடித்து, அதன்படி வெட்டினார். மூன்று நாள் வெட்டினார். வந்ததெல்லாம் சேறுதான். ஊர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. நிற்கிற வாய்க்கெல்லாம் என் சோளம்தான். நல்ல வியாபாரம். அதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் மேகம் கறுத்தது. நாநா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசாமல் நின்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. சோளத்தைக் கையில் பிடித்தபடியே சேற்றில் இறங்கினேன்.

"நாநா, கோயிலத் தூக்கி வேற எடத்துல வெச்சாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"ஓம் தங்கச்சி. கல்லுக் கல்லா…"

அங்கேயே நின்றுவிட்டார். கயிற்றைப் பார்த்தார். மேட்டிலிருந்த கோயிலைப் பார்த்தார். பிறகு சேற்றில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அப்ப வாசல் முந்தி எங்க ஈந்திச்சு?"

நான் சோளத்தால் காட்டினேன். நீர்த்தேக்கம் வரும் முன்னால், சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதையில் நடந்திருக்கிறேன். வெயில் நேரம் கல் காலைச் சுடும்.

நான் காட்டிய இடத்தில் முழங்கை ஆழத்திலேயே மண்வெட்டி 'டிங்' என்றது. ஒன்று, இரண்டு, பிறகு வரிசையாக. ஒன்றோடொன்று பொருத்திய கற்கள், நேரே மருத மரத்தைப் பார்த்துப் போயின. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வந்தார். நாநா கண்ணைக் கல்லுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"இத்தன வருசமா ஏன் சொல்லல்ல தங்கச்சி?"

"நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க நாநா."

அன்று பின்னேரமே மழை கொட்டியது. பாதை மறுபடி தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. மற்றக் கண்ணும் இப்போது மங்கிவிட்டது. ஒட்டை விரலால் தடவித்தான் போடுகிறார். ஆனாலும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மூக்குக்குப் போவது நிற்கவில்லை. ஒரு கையில் தடி, மறு கை என் தோளில். கல் பாதை வரும் இடத்தில் நின்று, "மிச்சத்த இவ சொல்லுவா" என்கிறார். நான் தரையைப் பார்த்தபடி சொல்கிறேன். சொல்லி முடிக்கும் வரை நாநா வாயே திறப்பதில்லை. அவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருப்பது இந்த ஊரில் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை.