குளத்தில் கரைந்த சிவப்புப் புடவை

வாங்கிய பொருள் மட்டம் என்று தெரிந்த பிறகும் அதை விட்டுக்கொடுக்காமல் பேசுவது மனித இயல்பு. எனக்கு அந்த இயல்பு கொஞ்சம் தூக்கல்.

எழுபதுகளின் தொடக்கம். வாலாஜாபாத்தில் பிறந்த நான் கல்யாணமாகிப் பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்த புதிது. புகுந்த வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கும் தொழில். அப்படிப்பட்ட வீட்டுக்குள், எங்கள் ஊர்ச் சந்தையில் நானே பேரம் பேசி வாங்கிய மிளகாய்ப்பழச் சிவப்பு நூல் புடவையோடு நுழைந்தேன். (துணிச்சல் இல்லை. விவரம் போதாது.)

மாமியார் முந்தானையை ஈர விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது நிக்காதும்மா. ரெண்டு தண்ணி அலசிட்டு அப்புறம் கட்டிக்கோ."

"எங்க ஊரு சரக்கு அத்தை. கெட்டிச் சாயம்" என்றேன்.

மாசி மகத்தன்று அதையே கட்டிக்கொண்டு குளத்துக்குப் போனேன். என் கணவருக்கு நீச்சல் தெரியாது. மேல்படியிலேயே ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். நானோ பாலாற்றில் நீந்தி வளர்ந்த திமிரில் கழுத்தளவுத் தண்ணீருக்குப் போய், மூக்கைப் பிடித்து மூழ்கினேன். புண்ணியம் கூடுதலாகக் கிடைக்கட்டுமென்று உள்ளேயே மூச்சடக்கி இருந்தேன்.

மேலே நடந்ததைப் பிறகுதான் சொன்னார்கள். நான் மூழ்கிய இடத்தில் முதலில் நூல் நூலாகச் சிவப்பு கிளம்பியதாம். பிறகு புகைபோலச் சுருண்டு, விரிந்து, ஒரு பாய் அளவுக்குப் பரவியதாம். பக்கத்துப் படியில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மாள், "யார் வீட்டுப் பொண்ணுபா அது? மண்டை உடைஞ்சி ரத்தமா வந்துக்கினு இருக்குது" என்றாராம்.

தொம்மென்று தண்ணீர் அதிர்ந்தது. எழுந்து பார்த்தால், என்னையும் தாண்டிய ஆழத்தில் என் கணவரின் கைகள் மட்டும் வெளியே தெரிந்தன. பிடிக்கக் குடுமிகூட இல்லாத மனிதர். கிராப்பைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவந்து படியில் சேர்த்தேன். குடித்த தண்ணீரைத் துப்பிய கையோடு அவர் என் தலையைத்தான் தடவிப் பார்த்தார்.

"எங்க அடிபட்டுது? எங்கேம்மா?"

"அடியெல்லாம் இல்லீங்க. புடவை."

"புடவைக்கு என்னா?"

"சாயம் போவுது."

அவர் என்னைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். ரோஜா நிறத்துக்கு மாறியிருந்த தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். அப்படியே படியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதபடியே நானும் சிரித்தேன். மனிதர் உயிரோடு சிரிக்கிறார், அதற்குமேல் என்ன வேண்டும்? நாங்கள் எழுந்து கிளம்புவதற்குள் அந்தச் சிவப்பு குளத்துத் தண்ணீர் முழுவதிலும் கலந்து, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக வீட்டுக்குள் நுழைந்தேன். அவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "சாயம் போனா போவுது. ரெண்டு பேரும் முழுசா வந்துட்டீங்களே, அது போதும்மா. போய் ஈரத்தை மாத்து" என்றார். தனியாகப் போய்ச் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு எனக்கு எந்தப் புதுப்புடவை வந்தாலும் அவர் கருத்துச் சொன்னதில்லை. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, முந்தானை நுனியை அதில் போட்டுக் கூடத்தில் வைத்துவிடுவார். வீடே சுற்றி உட்கார்ந்து பார்க்கும். தண்ணீர் தெளிவாகவே இருந்தால் என் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருப்பார்.

"அப்பாடா, இன்னிக்கி குதிக்க வேணாம்."

இப்போது எங்கள் வீட்டில் யார் புதுத்துணி எடுத்துவந்தாலும் பேரப்பிள்ளைகள் முதலில் கேட்பது விலையை அல்ல. "தாத்தா குதிக்கணுமா, வேணாமா?" என்பதுதான்.